திட்டம் எங்கே நோகிறது? புதிய திட்ட மேலாளருக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடப்பது இது. நன்றாக நிரல் எழுதிக்கொண்டிருந்த ஒருவரை அழைத்து, "இனி இந்தத் திட்டத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். எட்டுப் பேர் கொண்ட குழு, அமெரிக்காவில் ஒரு வாடிக்கையாளர், ஆறு மாதக் கெடு, முந்தைய மேலாளர் விட்டுச்சென்ற ஒரு எக்செல் தாள். நானும் அப்படித்தான் மேலாளரானேன். ஒரு மாதத்திற்குள் கேண்ட் வரைபடம், இடர் பதிவேடு, ஸ்பிரின்ட், பொறுப்புப் பட்டியல் என்று இருபது கருவிகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டேன். எதை எப்போது எடுப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் இதைக் கருவி வாரியாக எழுதவில்லை. எங்கே நோகிறது என்று பார்த்து, அந்தப் பகுதிக்குப் போங்கள். அடுத்து வரும் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

எதையும் தொடுமுன் ஒரு சோதனை

கடந்த பத்து வேலை நாட்களை நினைத்துப் பாருங்கள். குழுவில் யாராவது, நீங்கள் கேட்காமலே, ஒரு கெட்ட செய்தியோடு உங்களிடம் வந்தார்களா? "நான் சொன்ன நாளில் இது முடியாது", "வாடிக்கையாளர் கேட்டதைத் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டேன்" என்று ஏதாவது?

வந்தார்கள் என்றால் உங்கள் அறிகுறியைத் தேடிக் கீழே போகலாம். ஒருவரும் வரவில்லை என்றால் "எல்லாம் பச்சை" என்ற பகுதியை முதலில் படியுங்கள். எட்டுப் பேர் பத்து நாள் வேலை செய்து ஒரு சிக்கலும் எழவில்லை என்பது நடக்காத காரியம். சிக்கல் எழுந்திருக்கிறது, உங்களிடம் வந்து சேரவில்லை. வேலைகளைப் பதியும் ஜிரா மென்பொருளோ எக்செலோ எதுவானாலும் குழுவினர் உள்ளே இட்டதைத்தான் திருப்பிக் காட்டும். உண்மை வராத இடத்தில் எந்தக் கருவியை வைத்தாலும் பொய்யை அழகாக வரைந்து காட்டும்.

"தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது"

முதல் திங்கட்கிழமை கேட்டீர்கள், 80 என்றார். அடுத்த திங்கள் 90. அதற்கடுத்த திங்களும் 90. நான்காம் வாரம் 95.

சொல்பவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று மனமார நம்புகிறார். தெரியாத வேலைதான் மீதமிருக்கிறது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டாம் கார்கில் சொன்னதாக மென்பொருள் துறையில் ஒரு கணக்கு உண்டு: முதல் 90 சதவீத நிரலுக்கு 90 சதவீத நேரம் ஆகும், மீதமுள்ள 10 சதவீதத்திற்கு இன்னொரு 90 சதவீத நேரம் ஆகும். கேட்டுச் சிரிப்பவர்கள் ஒரு முறையாவது அதில் அடிபட்டவர்களாக இருப்பார்கள்.

சதவீதம் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த வேலையைத் துண்டுகளாக உடைக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டு 8 மணி நேரத்திற்குக் குறையாமலும் 80 மணி நேரத்திற்கு மேற்படாமலும் இருக்கலாம் என்பது திட்ட மேலாண்மையில் நெடுநாளாகப் புழங்கும் அளவு. மென்பொருளில் 80 மணி நேரம் மிக அதிகம். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்பதே என் எல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டே மதிப்பெண்: முடிந்தால் 100, முடியாவிட்டால் 0. இடையில் எதுவும் கிடையாது.

எது முடிந்தது என்பதையும் எழுதிவையுங்கள். பணம் செலுத்தும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிரல் எழுதியாயிற்று என்பது முடிவல்ல. இன்னொருவர் நிரலைப் பார்த்துச் சரி என்றிருக்க வேண்டும், சோதனைச் சேவையகத்தில் ஏறியிருக்க வேண்டும், வங்கி பரிவர்த்தனையை மறுக்கும்போது என்ன ஆகிறது என்று சோதனையாளர் பார்த்திருக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் 100.

உடைக்கும்போது ஒரு துண்டும் விட்டுப்போகாமல் கூட்டினால் முழுத் திட்டம் வர வேண்டும். விட்டுப்போவது பெரும்பாலும் நிரலாக இருக்காது. பழைய தரவை மாற்றுவது, வாடிக்கையாளரின் கணினிக்குள் நுழைய அனுமதி வாங்குவது, சோதனைக்கான தரவைத் தயாரிப்பது, பாதுகாப்புத் தணிக்கை, பயன்படுத்துவோருக்குப் பயிற்சி: இந்த ஐந்தையும் உங்கள் பட்டியலில் இப்போதே தேடிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அனுமதி வாங்க மட்டுமே பதினேழு வேலை நாட்கள் ஆயின. திட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

உடைத்த பிறகு ஒன்பது துண்டுகளில் நான்கு முடிந்து, ஐந்தாவது ஒரு வாரமாக நகரவில்லை என்று தெரிய வந்தால், நோவு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

எல்லாம் பச்சை, கடைசி வாரத்தில் சிவப்பு

வாராந்தர அறிக்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிலையைக் குறிக்கிறோம். பதினொரு வாரம் பச்சை. பன்னிரண்டாம் வாரம் நேராகச் சிவப்பு. மஞ்சளே வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். பரிமாறியவர் ஒருவராக இருக்க மாட்டார், ஆளுக்குக் கொஞ்சம் சோறு போட்டிருப்பார்கள்.

கடைசியாகச் சிவப்பு நிறத்தோடு வந்தவருக்கு என்ன நடந்தது என்று முதலில் பாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் "ஏன், எப்படி, யார்" என்று அரை மணி நேரம் விசாரித்திருந்தால், அன்றே மற்ற ஏழு பேரும் பாடம் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய நாள் இரவே ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக இறுகாது என்றும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றும் வாதாடினார்கள். அவர்கள் நிறுவனத்தின் மேலாளர்களே அந்தப் பரிந்துரையை மாற்றிக்கொண்டார்கள். அப்படி ஒரு வாதம் நடந்ததே ஏவுதலுக்கு இறுதி ஒப்புதல் தந்த நாசாவின் உயர் அதிகாரிகளுக்குத் தெரியாது என்பதை ரோஜர்ஸ் ஆணையம் பின்னர் கண்டறிந்தது. நம் திட்டத்தில் உயிர் போகாது. ஆனால் செய்தி ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறுவது எங்கும் ஒரே விதமாகத்தான் நடக்கிறது.

நம் ஊர் அலுவலகங்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெரியவர்களிடம் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்லி நாம் வளரவில்லை. "முயற்சி செய்கிறேன் சார்" என்று ஒருவர் சொன்னால், பத்தில் எட்டு முறை அதன் பொருள் "முடியாது". "பார்க்கலாம் மேடம்" என்றால் "இன்னும் தொடங்கவே இல்லை". வாடிக்கையாளரோடு பேசும்போது நாம் சொல்லும் "யெஸ்" பல நேரம் "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்ற அளவில்தான் இருக்கிறது. அவர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறார். இந்தச் சொற்களைக் காதில் வாங்கியவுடன் நின்றுவிடுங்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

கேள்வியையே மாற்ற வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடுமா?" என்றால் ஒரே பதில்தான் வரும். "வெள்ளிக்கிழமை முடியாமல் போனால் எதனால் போகும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர் தன் இயலாமையைச் சொல்லவில்லை, வேலையைப் பற்றிச் சொல்கிறார். அதனால் வாய் திறக்கிறது. உளவியலாளர் கேரி கிளைன் இதையே ஒரு கூட்டமாக நடத்தச் சொல்கிறார். திட்டம் தொடங்கும் முன்பே குழுவை உட்காரவைத்து, "ஆறு மாதம் கழித்து இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன் என்று எழுதுங்கள்" என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பது. பத்து நிமிடம் பேச்சில்லாமல் எழுத வேண்டும், பிறகு ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். மூத்தவரைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள். முதலில் அவர் படித்துவிட்டால் மற்றவர்கள் தாளை மடித்துக்கொள்வார்கள். அன்று வரும் பட்டியலே உங்கள் இடர் பதிவேட்டின் முதல் பக்கம்.

நிறத்தை மனநிலையிலிருந்து பிரித்து எண்ணில் கட்டுங்கள். கெடுவிலிருந்து இரண்டு வேலை நாள் வரை நழுவல் என்றால் பச்சை, மூன்று முதல் ஐந்து வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. அப்போது யாரும் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, கணக்கு தேர்ந்தெடுக்கிறது.

கடைசியாக, உங்கள் கையிலேயே இருக்கும் ஒன்று. என் இரண்டாவது திட்டத்தில், தரவு மாற்றும் வேலை சிவப்பு என்று ஒரு பொறியாளர் எழுதி அனுப்பினார். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் நான் அதை மஞ்சளாக்கினேன். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து அது வெடித்தபோது, அந்தப் பொறியாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு ஐந்து மாதம் அவர் எனக்குப் பச்சையைத் தவிர வேறு எதையும் அனுப்பவில்லை.

வேலைகள் நேரத்திற்கு முடிகின்றன, திட்டம் மட்டும் தள்ளிப்போகிறது

ஒவ்வொருவரும் தன் வேலையைக் குறித்த நாளில் முடிக்கிறார். ஆனாலும் வெளியீட்டு நாள் நழுவுகிறது. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று நீங்கள் வரையவில்லை என்று பொருள்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு 5 நாள். அது முடிந்ததும் சேவையக நிரல் 10 நாள், திரைகள் 8 நாள், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டும் முடிந்தபின் இணைப்பு 4 நாள், சோதனை 6 நாள். சேவையகம் வழியாகக் கூட்டினால் 25 நாள், திரைகள் வழியாகக் கூட்டினால் 23. நீளமான வழிதான் கிரிட்டிக்கல் பாத். அதில் ஒரு நாள் நழுவினால் திட்டமும் ஒரு நாள் நழுவும். திரைகளுக்கு இரண்டு நாள் மூச்சுவிட இடம் உண்டு. திரைக் குழுவை இரவு வரை உட்காரவைத்து நான்கு நாள் மிச்சம் பிடித்தாலும் வெளியீட்டு நாள் ஒரு மணி நேரம்கூட முன்னால் வராது. பல புதிய மேலாளர்கள் குழுவின் உழைப்பை இப்படித்தான் வீணாக்குகிறார்கள்.

இந்தக் கணக்கு 1950களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தில் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ரேண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து வகுத்தது. ஆனால் அதன் உள்ளுணர்வைக் கற்க எனக்கு உதவியது நம் பாம்பன் பாலம்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பாலத்தின் இரும்புத் தூலங்களும் கடலில் அடித்துச் செல்லப்பட்டன. சீரமைக்க ரயில்வே நிர்ணயித்த காலம் ஆறு மாதம். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். புதிய தூலங்களுக்குக் காத்திருக்காமல், கடலில் விழுந்தவற்றை மீட்டெடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். எல்லா வேலையையும் வேகப்படுத்த முயன்றிருந்தால் அத்தனை நாள் மிஞ்சியிருக்காது. நீளமான காத்திருப்பு எது என்று கண்டு அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் தாளிலும் அதையே தேடுங்கள்: எந்தக் கோட்டை அழித்தால் மொத்தமும் சுருங்கும்?

கோடுகள் சரியாக இருந்தும் நழுவினால் நாட்காட்டியைப் பாருங்கள். ஜனவரி நடுவில் போகி முதல் காணும் பொங்கல் வரை சென்னை அலுவலகம் காலியாக இருக்கும், முன்னும் பின்னும் ஊருக்குப் போகும் நாட்கள் வேறு. நவம்பரின் நான்காம் வியாழனில் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். டிசம்பர் இறுதியில் பல வாடிக்கையாளர்கள் தங்கள் அமைப்பில் எந்த மாற்றத்தையும் அனுமதிப்பதில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்கக் கடிகாரம் மாறுகிறது. நியூயார்க்கில் காலை 9 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. இந்த ஒரு மணி நேர மாற்றத்தை முன்கூட்டிச் சொல்லாததால், குழந்தையைப் பயிற்சி வகுப்பிலிருந்து அழைத்து வர வேண்டிய ஒருவர் வாரம் முழுக்கக் கூட்டத்தில் இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊர் விடுமுறைகளையும் ஒரே தாளில் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

சொன்ன நாள் எப்போதும் தவறுகிறது

"எத்தனை நாள் ஆகும்?" என்று ஒரு எண்ணைக் கேட்கிறீர்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆகும் நாளைச் சொல்கிறார்கள். மூன்று எண்களாகக் கேளுங்கள்: எல்லாம் கூடிவந்தால், வழக்கமாக, எல்லாம் கெட்டால். 1958ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக உருவாக்கிய பெர்ட் முறையில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 4, 6, 14 என்று சொன்னால் 7 நாள்.

விடையைவிட அந்த 14 முக்கியம். "ஏன் 14?" என்று கேட்டால், "அந்த மூன்றாம் நிறுவனத்தின் இணைப்பு வேலை செய்யாவிட்டால்" என்று பதில் வரும். அது ஓர் இடர், பதிவேட்டுக்குப் போக வேண்டியது.

வேலை செய்பவரையே கணிக்கச் சொல்லுங்கள். அவர் சொன்னதை நீங்கள் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். 7 என்றவரை 5 என்று ஒப்புக்கொள்ளவைத்தால், அடுத்த முறை அவர் 10 என்று தொடங்குவார். ஒரு நாளை 8 மணி நேரமாகவும் கணக்கிடாதீர்கள். கூட்டமும் மின்னஞ்சலும் போக 6 மணி நேரம் கிடைத்தால் நல்ல நாள்.

"இது சின்ன மாற்றம்தான்"

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இங்கே அப்படியே நடக்கும். ஒரு பொத்தானின் இடம், ஓர் அறிக்கையில் கூடுதலாக ஒரு நெடுவரிசை, பிறகு ஒரு புதிய பயனர் வகை. ஒவ்வொன்றும் அரை நாள்தான். நாற்பது வந்தால் ஒரு மாத உழைப்பு போயிற்று, அது எங்கே போனது என்று காட்ட ஒரு தாளும் இல்லை.

மாற்றத்தை மறுக்க வேண்டியதில்லை. தொழில் செய்பவருக்குத் தேவைகள் மாறத்தான் செய்யும். ஒவ்வொரு மாற்றத்தையும், அது பத்து நிமிட வேலையாக இருந்தாலும், மாற்றப் பதிவேட்டில் எழுதுங்கள்: யார், எப்போது கேட்டார், எத்தனை நாள் ஆகும், அதற்காக எது தள்ளிப்போகும், யார் ஒப்புக்கொண்டார். நான்காவது கட்டம்தான் உயிர். "செய்கிறோம். இதைச் செய்தால் ஏற்றுமதி அறிக்கை அடுத்த வெளியீட்டுக்குப் போகும், சம்மதமா?" என்று கேளுங்கள். பாதிக்கு மேற்பட்ட சின்ன மாற்றங்கள் அந்தக் கேள்வியிலேயே "இப்போது வேண்டாம்" என்று திரும்பிப் போவதைக் கண்டிருக்கிறேன்.

பதிவேடு இருந்தும் மாற்றங்கள் நுழைந்தால் பக்கவாசலைத் தேடுங்கள். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து யாரோ உங்கள் இளைய பொறியாளருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார். இளையவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். "என் மேலாளரிடம் சொல்லிவிடுகிறேன்" என்று சொல்ல அவருக்கு உங்கள் அனுமதி வேண்டும், அதைக் கொடுங்கள்.

எல்லோரும் மும்முரம், எதுவும் முடியவில்லை

வேலைகளை நிலை வாரியாகக் கட்டங்களில் ஒட்டும் பலகையில் பன்னிரண்டு வேலைகள் "நடந்துகொண்டிருக்கிறது" என்ற கட்டத்தில் இருக்கின்றன. வாரத்திற்கு மூன்றுதான் முடிகின்றன. 1961ல் ஜான் லிட்டில் கணிதமாக நிறுவிய விதிப்படி, கையில் இருப்பதை முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்று தெரியும்: நான்கு வாரம். ஆட்களும் வேகமும் அப்படியே இருக்க, கையில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு வாரம்.

டொயோட்டாவில் தைச்சி ஓனோ வளர்த்த கான்பான் அட்டைகளின் சாரம் இதுதான். அடுத்த கட்டத்தில் இருப்பவர் கேட்காமல் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. "நடந்துகொண்டிருக்கிறது" கட்டத்தின் தலையில் ஓர் எண்ணை எழுதுங்கள். எட்டுப் பேருக்கு ஆறு என்று தொடங்கலாம். கட்டம் நிரம்பியிருந்தால் கை காலியாக இருப்பவர் புதியதைத் தொடக் கூடாது, சோதனையில் தேங்கியதைத் தள்ளிவிட உதவ வேண்டும். முதல் வாரம் எல்லோருக்கும் சங்கடமாக இருக்கும். ஒருவர் சும்மா இருப்பதுபோல் தெரியும், உங்களுக்கே கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்த்தோம், இன்னும் தாமதம்

ஆள் கூடினால் பாம்பு சாகாது. ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 இயக்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975ல் இதையே சொன்னார்: தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும். ஐந்து பேருக்குள் பேச்சு வழிகள் 10, எட்டுப் பேருக்குள் 28, பன்னிரண்டு பேருக்குள் 66. அதோடு, புதியவருக்குக் கற்றுத்தர உங்கள் சிறந்த ஆள்தான் உட்கார வேண்டும்.

ஏற்கெனவே சேர்த்தாயிற்று என்றால், அவர்களை நீளமான பாதையில் வைக்காதீர்கள். சோதனைத் தரவு, ஆவணம், தனியாகப் பிரிக்கக்கூடிய திரை ஆகியவற்றைக் கொடுங்கள். இன்னும் சேர்க்கவில்லை என்றால், மேலிடம் ஆள் தருவதாகச் சொல்லும்போது "ஆள் வேண்டாம், செய்ய வேண்டிய வேலையின் எல்லை குறைய வேண்டும்" என்று கேட்கத் துணியுங்கள். கடினமான உரையாடல்தான்.

கூட்டம் முடிகிறது, வேலை தொடங்குவதில்லை

ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு தேதி. "குழு பார்த்துக்கொள்ளும்" என்று குறிப்பில் இருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். அன்று மாலைக்குள் ஐந்து வரிக் குறிப்பை அனுப்புங்கள். முடிவுகளைத் தனிப் பதிவேட்டில், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்ற காரணத்தோடு எழுதுங்கள். நான்கு மாதம் கழித்து யாரோ கேட்பார்கள். தினமும் காலையில் நின்றபடி நடத்தும் கூட்டம் 15 நிமிடத்தைத் தாண்டினால், எல்லோரும் உங்களுக்கு அறிக்கை படிக்கிறார்கள் என்று பொருள். ஒரு நாள் நீங்கள் போகாமல் இருந்து பாருங்கள்.

பணம் திட்டத்தைவிட வேகமாகத் தீர்கிறது

செலவை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பத்து வாரம், 10 லட்சம் ரூபாய் என்று ஒரு திட்டம். ஐந்தாம் வார இறுதியில் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும், அதாவது 5 லட்சம் மதிப்புள்ள வேலை. உண்மையில் முடிந்தது 40 சதவீதம், 4 லட்சம் மதிப்பு. செலவானது 6 லட்சம். 4-ஐ 5-ஆல் வகுத்தால் 0.8, கால வேகம் இது. 4-ஐ 6-ஆல் வகுத்தால் சுமார் 0.67, பணத்தின் பயன் இது. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 10 லட்சத்தை 0.67-ஆல் வகுத்ததாகும்: 15 லட்சம்.

ஐந்தாம் வாரத்திலேயே இதைச் சொன்னால் பேச இடமிருக்கும். ஒன்பதாம் வாரத்தில் சொன்னால் விளக்கம் மட்டும்தான் கேட்பார்கள். ஒன்றை மறவாதீர்கள்: அந்த 40 சதவீதம் "தொண்ணூறு சதவீதம்" பகுதியில் சொன்னபடி 0, 100 என்று எண்ணிக் கூட்டியதாக இருக்க வேண்டும். வாய்வார்த்தைச் சதவீதத்தை இந்தச் சூத்திரத்தில் போட்டால் பொய்க்குத் தசமப் புள்ளி கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒருவர் விடுப்பு எடுத்தால் எல்லாம் நிற்கிறது

பகுதிகளை நெடுக்கிலும் ஆட்களைக் குறுக்கிலும் எழுதி, தனியாகச் செய்யத் தெரிந்தவருக்கு மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். ஒரே புள்ளி உள்ள வரிசைகள்தான் ஆபத்து. அந்தப் பகுதியில் வரும் அடுத்த வேலையை இரண்டாமவர் செய்யட்டும், தெரிந்தவர் அருகில் உட்காரட்டும். மெதுவாகத்தான் நடக்கும். நம் நிறுவனங்களில் பணி விலகலுக்கு முன் 90 நாள் இருக்க வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. அதை நம்பி இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். விலக முடிவெடுத்தவரின் மனம் 90 நாளும் இங்கே இருக்காது.

இரவு பதினொரு மணிக்கு நீங்களே நிரல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்

இதை ஓர் அறிகுறி என்றே பலர் எண்ணுவதில்லை, அர்ப்பணிப்பு என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். நமக்கு நன்றாகத் தெரிந்த வேலை நிரல், தெரியாத வேலை மேலாண்மை. பயம் வரும்போது கை தெரிந்ததை நோக்கித்தான் போகிறது. நீங்கள் நிரலுக்குள் மூழ்கியிருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் மாற்றப் பதிவேட்டை யாரும் பார்க்கவில்லை, வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் இருந்த ஒரு சலிப்பை யாரும் கவனிக்கவில்லை. அதைவிட, தன் வேலையை மேலாளர் இரவில் திருத்தி எழுதியதைக் காலையில் வந்து பார்க்கும் பொறியாளர், அடுத்த முறை தடுமாறும்போது உங்களிடம் சொல்ல மாட்டார்.

நிரல் தளத்தில் மாற்றம் செய்யும் உங்கள் அனுமதியை நீங்களே நீக்கச் சொல்லுங்கள். படிக்க மட்டும் அனுமதி போதும். நான் அதைச் செய்த வாரம், ஒரு நாளில் நான் முடித்திருக்கக்கூடிய வேலைக்கு ஓர் இளம் பொறியாளர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார முடியாமல் தவித்தேன். இரண்டு முறை அவர் இடத்துக்குப் போய், எதுவும் சொல்லாமல் திரும்பினேன். அடுத்த வேலையை மூன்று நாளில் முடித்தார். அதற்கடுத்த வாரம், நான் எதுவும் கேட்காமலே என் மேசைக்கு வந்து, "மேடம், வியாழன் என்று சொன்னேன். முடியாது. திங்கள் ஆகும், காரணத்தைச் சொல்லட்டுமா?" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.